அண்ணியைக் கடப்பது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விளையாட்டு அரங்கின் பார்வையாளர் வரிசையில், மடியில் இரண்டு பெண்களின் பைகளோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு பை என் மனைவியுடையது, இன்னொன்று என் தங்கையுடையது. ஒலிபெருக்கியில் கடைசிப் போட்டிக்கு இரண்டு பெயர்களைக் கூப்பிட்டார்கள். இரண்டுமே என் வீட்டுப் பெயர்கள். பக்கத்தில் இருந்தவர், "நீங்க யார் பக்கம்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன். பாட்டில் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

தொடக்கமே தகராறு. முதலில் இப்படி எழுதினேன்: "வெள்ளை விளக்குகளின் கீழே இரண்டு பெண்புலிகள்—"

படித்துவிட்டு என் மனைவி, எந்தப் புலி மல்லாந்து படுத்துக்கொண்டு சண்டை போடும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வரியை அடித்துவிட்டேன்.

அடுத்தது: "பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்னும் இந்த மல்யுத்த முறையானது—"

பாடப்புத்தகம். போகட்டும்.

அதற்கடுத்து: "நாத்தனார், அண்ணியின் காலை வாரினாள்." இதை எழுதிவிட்டு நானே சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை. எழுதுகிறவன் சிரிக்கிற இடத்தில் வேறு யாரும் சிரிப்பதில்லை என்பது என் அனுபவம்.

கடைசியில் இந்த ஏற்பாட்டுக்கு வந்தேன். தங்கையை நாத்தனார் என்றும், மனைவியை அண்ணி என்றும் வைத்துக்கொள்கிறேன். ஒருவருக்கொருவர் அவர்கள் அதுதானே. கதையை நாத்தனார் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மனைவியின் மனசுக்குள் புகுந்து எழுதிவிட்டு அதே வீட்டில் சாப்பிட உட்காரும் தைரியம் எனக்கில்லை. தங்கை விஷயம் வேறு. சின்ன வயதிலிருந்தே அவள் காரியங்களில் மூக்கை நுழைத்து வாங்கிக் கட்டிக்கொண்ட பழக்கம் உண்டு.

2

நாத்தனார் லிஃப்ட் பழுது பார்க்கிறவள். அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறை என்று ஒன்று இருக்கும்; நிமிர்ந்தால் தலை இடிக்கும். அங்கே எண்ணெய் வாடையில் குந்தி உட்கார்ந்து கம்பிவடங்களைத் தடவிப் பார்ப்பதும், பாதியில் நிற்கிற லிஃப்டை மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பதும் அவள் வேலை. வேலை விட்டால் நேரே டயர் கடைக்கு மேலே உள்ள பயிற்சிக்கூடம். மாடிப்படியில் ரப்பர் நாற்றமும் வியர்வை நாற்றமும் கலந்து வரும். ஏறும்போதே அவளுக்குத் தோள் இளகிவிடும்.

விளையாட்டைப் பற்றி ஒரு பத்தி சொல்லியே ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர். ஒருவர் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் தூக்கித் தனக்கு வேலி கட்டிக்கொள்கிறார். அந்த வேலிக்குப் பெயர் கார்டு. மற்றவர் அந்தக் கால்களைச் சுற்றியோ, நடுவில் புகுந்தோ, அமுக்கியோ தாண்டி, படுத்திருப்பவரின் பக்கவாட்டுக்குப் போய் நெஞ்சோடு நெஞ்சு வைத்து அழுத்த வேண்டும். அதுதான் கார்டைக் கடப்பது. கடந்தால் மட்டும் போதாது. மூன்று விநாடி அப்படியே பிடித்துவைக்க வேண்டும். அப்போதுதான் நடுவர் மூன்று விரல் காட்டிப் புள்ளி கொடுப்பார்.

[படுத்திருக்கிறவர்களைத் தாண்டாதே என்று அம்மா எங்களைத் திட்டித் திட்டி வளர்த்தார். அவர் பெற்ற பெண் அதையே பயிற்சி எடுத்துச் செய்கிறாள். பிள்ளை வளர்ப்பில் யாருக்கும் உத்தரவாதம் கிடையாது.]

நாத்தனாருக்கு ஒரு குறை. அவள் எடைக்கு அந்தக் கூடத்தில் வேறு பெண் இல்லை. ஆண்களில் பாதிப் பேர் அவளைக் கண்ணாடிப் பாத்திரம்போல் தொட்டார்கள். மீதிப் பேர் மூட்டை இறக்குவதுபோல் மேலே விழுந்தார்கள். கால்களைக் கடக்கக் கற்க வேண்டுமென்றால் முதலில் கடக்கக் கால்கள் வேண்டும். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தாள். அண்ணி மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள். வீங்கிய பாதங்களை எதிர் நாற்காலியில் நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"படுத்துக்கிட்டே ஆடற ஆட்டமா?" என்றாள் அண்ணி. "அப்ப நான் வர்றேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். மறுநாள் மாலை கடையைப் பூட்டிவிட்டு, கையில் ஒரு துண்டோடு டயர் கடை மாடியேறி வந்து நின்றாள்.

3

அன்று தொடங்கி வருடக்கணக்கில் இதுதான்: அண்ணி படுப்பாள், கால்களைத் தூக்குவாள். நாத்தனார் கடப்பாள். கடந்த உடனே விட்டுவிட்டு எழுந்து பழைய இடத்துக்குப் போய் நிற்பாள். அண்ணி மறுபடி கால்களைத் தூக்கி, "ம், வா" என்பாள். அந்தக் கூடத்தில் எல்லோருமே இப்படித்தான் பயிற்சி செய்வார்கள். இடம் கொஞ்சம், ஆட்கள் அதிகம். கடந்த பிறகு மேலேயே உட்கார்ந்து பெருமைப்பட நேரம் கிடையாது. கட, விடு, திரும்பு, மறுபடி வா.

கால்சட்டையின் முழங்கால் துணியைப் பிடித்து இரண்டு கால்களையும் ஒரு பக்கம் வீசிவிட்டு மறுபக்கம் ஓடுவதை அந்தக் கால்களில்தான் கற்றாள். ஒரு முழங்காலை அண்ணியின் தொடைக்குக் குறுக்கே கத்திபோல் செலுத்தி வழுக்கிக்கொண்டு போவதையும், இரண்டு முழங்கால்களையும் ஒன்றாகச் சேர்த்து அமுக்கி அங்குலம் அங்குலமாக ஊர்ந்து ஏறுவதையும் அங்கேதான் கற்றாள். கற்கிற காலத்தில் முழங்கால் தவறான இடத்தில் போய் இறங்கும். அண்ணியின் தொடையில் எப்போதும் ஒரு நீலம் இருக்கும். மருந்துக்கடைக்கு வலிக்களிம்பு வாங்க வந்த ஒருவர் அவள் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, முதலில் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.*

(* மனைவி: அப்படி யாரும் சொல்லல. இது இவரோட கைச்சரக்கு.)

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்து பேனாவை மூடி வைத்தேன். அண்ணி பாத்திரம் ரொம்ப நல்லவளாக வருகிறது. இவ்வளவு நல்ல அண்ணியை எந்த வாசகர் நம்புவார்? சமன் செய்ய ஒரு கெட்ட குணமாவது வேண்டும். தேடிப்பார்த்ததில் ஒன்று கிடைத்தது: கீழே கிடக்கும்போது அவள் வாய் ஓயாது. நாத்தனார் மூச்சு வாங்க அவள் கால்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். அண்ணி கூரையைப் பார்த்தபடி, சிலிண்டருக்குச் சொல்லியாச்சா, துவைக்கிற மெஷின் சத்தம் போடுதே, உங்கண்ணன் இன்னும் அந்தப் பழைய கதையையேதான் கிண்டிக்கிட்டு இருக்காரா என்று வீட்டு நியாயம் பேசிக்கொண்டிருப்பாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. கடந்தால், "ம், வா." கடக்காவிட்டாலும், "ம், வா."

அப்போதெல்லாம் நாத்தனாருக்கு அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. நன்றி மட்டும் இருந்தது. தினமும் பார்க்கிறவரிடம், ஒரே வீட்டில் சோறு தின்கிறவரிடம், போய் நன்றி என்று எப்படிச் சொல்வது? வெட்கக்கேடு. அதனால் சொல்லாமலே இருந்தாள்.

4

இந்தப் பகுதியில் கணவனைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அவனுடைய பொறுமை, இருவரையும் அவன் ஊக்குவித்த விதம், அவன்—

[இருவரும் சேர்ந்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன்.]

5

நான் பை சுமந்த அந்த வருடப் போட்டிக்கு ஒரு விசேஷம் இருந்தது. ஒவ்வொரு எடையிலும் முதலாவதாக வருகிறவள் நாட்டுக்காக ஆடும் அணிக்குப் போவாள். எடைக்கு ஒரே இடம். ஜெயித்தவள் போகாவிட்டால் இடம் காலியாகவே கிடக்குமே தவிர அடுத்தவளுக்கு வராது. நாத்தனார் முந்தைய வருடங்களில் கடைசிக்கு முந்தின சுற்று வரை போய்ப் போய்த் திரும்பியவள். லிஃப்ட் கம்பெனியில் கிடைத்த லீவையெல்லாம் இதற்கே செலவழித்தவள். இந்த இடம் அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்பது வீட்டில் சுவருக்குக்கூடத் தெரியும்.

பெயர் கொடுக்கப் போனால் பெரிய சோதனை. அவள் எடைப் பிரிவில் ஆள் போதவில்லை. இன்னொருத்தி சேராவிட்டால் பிரிவையே கலைத்துவிடுவார்களாம். அண்ணி, அதற்கென்ன, நானும் அதே எடைதானே, என் பேரையும் எழுது என்றாள். முதல் சுற்றில் தோற்றுவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டே மீதியைப் பார்க்கலாம் என்பது அவள் திட்டம்.

தோற்க முடியவில்லை. அவள் வழக்கம்போல் படுத்தாள், கால்களைத் தூக்கினாள். முதல் சுற்றுக்காரி வாட்டசாட்டமான பெண். கால்களை வீசிப் பார்த்தாள், அமுக்கிப் பார்த்தாள், கடைசியில் அண்ணி அவளைப் புரட்டிப் போட்டுவிட்டு மேலே உட்கார்ந்திருந்தாள். அடுத்த சுற்றுக்காரிக்கும் அதே கதி. இத்தனை வருடம் தன்மேல் வந்துகொண்டே இருந்த ஒருத்தியின் ஒவ்வொரு அசைவும் அந்தக் கால்களுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது என்பது யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, எல்லாரும் இவ்வளவு மெதுவாகவா வருவார்கள் என்று நாத்தனாரிடம் கேட்டாள்.

நாத்தனார் அந்தப் பக்கம் தன் ஆட்டங்களை ஜெயித்துக்கொண்டு வந்தாள். கடைசிப் போட்டிக்கு இரண்டு பேரும் எதிரெதிரே வந்து நின்றார்கள்.

6

இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே கூடத்து ஆட்கள் கடைசிப் போட்டியில் சந்தித்தால் மோதுவதில்லை. ஒருவர் விலகிக்கொள்வார், இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு பரிசு வாங்குவார்கள். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கூடத்தில் பயிற்சி தரும் மாஸ்டர் திரைக்குப் பின்னால் வந்து, உங்களுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி அதற்குள், தானே விலகிக்கொள்வதாக, ஆட்ட உடையின் பெல்ட்டை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள்.

நாத்தனார் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படி. ஆனால் அவள் குதிக்கவில்லை. அத்தனை பலசாலிகளும் அந்தக் கால்களில் முட்டி மோதி நின்றதை அவள் பார்த்திருந்தாள். சிலிண்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே தன்னைக் கடக்கவிட்ட கால்கள். அப்படியானால் கடந்தது தன் திறமையா, அண்ணியின் தயவா? இத்தனை வருடம் கற்றது கற்றதுதானா?

அவள் போய் அண்ணியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணி, உண்மையச் சொல்லுங்க. இத்தன வருஷமா நீங்க எனக்கு விட்டுக்கொடுத்தீங்களா?"

அண்ணி அவிழ்த்த பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரியலம்மா. சில நாள் கொடுத்திருப்பேன். நீ வேலையிலேருந்து முகம் வாடி வந்தா கொடுத்திருப்பேன். எது எந்த நாள்னு எனக்கே தெரியாது."

"இன்னிக்கு கொடுக்காதீங்க."

"பைத்தியமா நீ? தோத்தா உன் இடம் போயிடும்."

"போகட்டும். நீங்க எனக்காக இத்தன நாள் கீழ கிடந்தது வீண் போகலன்னு எனக்குத் தெரியணும்."

[தங்கை: நான் "போகட்டும்"னு மட்டும்தான் சொன்னேன். மிச்சத்தை அண்ணன் சேர்த்துக்கிட்டான். — சேர்த்தேன். ஆனால் வேண்டாம் என்று அவள் அடிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.]

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

7

மணி அடித்ததும் அண்ணி உட்கார்ந்துவிட்டாள். நிற்பதென்றால் அவளுக்கு மருந்துக்கடை ஞாபகம் வரும்.

நாத்தனார் முழங்கால் துணியைப் பிடித்து இரண்டு கால்களையும் இடப்பக்கம் வீசினாள். அவள் வலப்பக்கம் ஓடி முடிப்பதற்குள் கால்கள் அங்கே வந்து காத்திருந்தன. முழங்காலைக் குறுக்கே செலுத்தினாள். நடுவில் அண்ணியின் கணைக்கால் எலும்பு கதவுத் தாழ்ப்பாள் மாதிரி விழுந்தது. அடுத்த கணம் இடுப்பில் ஒரு உதை. தடுமாறி, கையை ஊன்றி, மயிரிழையில் புரளாமல் தப்பினாள். இந்தக் கால்களை அவளுக்குத் தெரியாது. கனம், வேகம், கொஞ்சம் கொடூரம். அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. நாத்தனாருக்குப் பயம் வந்தது. பயத்தோடு கூடவே என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷமும் வந்தது. கடைசியில் அண்ணி இவளோடு நிஜமாக ஆடுகிறாள்.

நேரம் கரைந்துகொண்டிருந்தது. பலகையில் இருவருக்கும் சைபர். அவள் அவசரப்படாமல் இரண்டு முழங்கால்களையும் அணைத்துச் சேர்த்து, முழு எடையையும் போட்டு அமுக்கி, ஊர ஆரம்பித்தாள். தொடை, இடுப்பு, விலா. ஒரு பாதம் மட்டும் பின்னால் அண்ணியின் கெண்டைக்கால்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. குதிகாலை இப்படியும் அப்படியும் திருகினாள். அண்ணி இறுக்கினாள். இவள் திருகினாள். பாதம் விடுபட்டது. நாத்தனாரின் நெஞ்சு அண்ணியின் நெஞ்சின்மேல் இறங்கியது.

"சே!" என்றாள் அண்ணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

கடனுக்கு மருந்து கேட்டுச் சண்டை போடுகிறவர்களிடம்கூட அப்படி ஒரு சத்தம் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. கூடத்தில் எத்தனையோ மாலைகளில் ஒருமுறைகூட நாத்தனார் கேட்டதில்லை. அது ஏமாந்துபோன ஒருத்தியின் சத்தம். முழுப் பலத்தோடு தடுத்தும் தடுக்க முடியாதவளின் சத்தம். கடந்தாகிவிட்டது. நிஜமாகவே கடந்தாகிவிட்டது.

நாத்தனார் விட்டுவிட்டு எழுந்தாள். பழைய இடத்துக்குப் போய் நின்றாள்.

அண்ணி கால்களைத் தூக்கிக்கொண்டு, "ம், வா" என்றாள்.

நடுவர் பாதி தூக்கிய கையோடு அப்படியே நின்றார். மூன்று விநாடி ஆகவில்லை, புள்ளி கிடையாது. அரங்கம் ஒரு கணம் புரியாமல் பார்த்தது, பிறகு கொல்லென்று சிரித்தது. ஓரத்தில் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். நான் இரண்டு பைகளையும் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தேன். எதற்கு எழுந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"அந்த ஒரு கணத்தில் காலமே உறைந்து, இருவரது கண்களும்—"

இல்லை. அப்படி ஒன்றும் உறையவில்லை. என்ன செய்துவிட்டோம் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அண்ணி கால்களைத் தூக்கியபடியே வயிறு குலுங்கச் சிரித்தாள். நாத்தனார் முழங்கால்களில் கை ஊன்றிக் குனிந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. நடுவர் ஆட்டத்தைத் தொடரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"ரொம்ப நன்றி, அண்ணி" என்றாள் அவள். அவ்வளவு பேர் முன்னால், அரங்கத்தின் நடுவில்.

"அதையெல்லாம் வீட்ல போய் வச்சுக்கலாம். இன்னும் நேரம் இருக்கு, வா. இந்தத் தடவ விட்டுட்டுப் போயிடாத."

8

முடிவு மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் நாத்தனார் மறுபடி கடந்து, மூன்று விநாடியும் பிடித்து, அணிக்குப் போகிறாள். இன்னொன்றில் அண்ணி அவளைப் புரட்டி ஜெயித்து, போகப் பிடிக்காமல், இடம் காலியாகிறது. மூன்றாவதில் சைபருக்குச் சைபராக நேரம் முடிந்து, நடுவர் யோசித்து யோசித்து ஒரு கையைத் தூக்குகிறார். மூன்றையும் வீட்டில் படிக்கக் கொடுத்தேன்.

தங்கை, அண்ணி ஜெயித்ததாக எழுது என்கிறாள். மனைவி, அவள் ஜெயித்ததாக எழுதுங்கள் என்கிறாள். நடந்தது எனக்குத் தெரியும், அரங்கத்துக்கே தெரியும். அதனால் இவர்களில் ஒருத்தி நடந்ததை எழுதச் சொல்கிறாள், இன்னொருத்தி நடக்காததை எழுதச் சொல்கிறாள். இரண்டு பேர் குரலும் ஒரே மாதிரி பிடிவாதமாக இருக்கிறது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அண்ணியும் நாத்தனாரும் சண்டை போடாத வீடு கிடையாது என்பார்கள். என் வீட்டிலும் போடுகிறார்கள், மற்றவள் பெரியவள் என்று நிரூபிக்க. இப்படிப்பட்ட இரண்டு பேர் நடுவில் பை தூக்கும் வேலை கிடைத்ததற்கு நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

நேற்றுக் கடைசியாக மனைவி சொன்னாள்: "அவ என்னைத் தாண்டினது நிஜம். அதுக்கு மேல பலகையில என்ன இருந்தா என்னங்க?" தங்கை எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

என்னால் முடியாது. ஆட்டம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவர் இருவருக்கும் மத்தியில் நின்று, ஆளுக்கொரு மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். எந்தக் கையைத் தூக்குவது என்பதை உங்களிடம் விடுகிறேன். நீங்கள் மேலே போவதற்காகக் கீழே கிடந்த யாராவது ஒருவர் உங்களுக்கும் இருப்பார். முடிந்தால் அவரை நினைத்துக்கொண்டு தூக்குங்கள்.

நீங்கள் யார் கையைத் தூக்கினாலும், முதலில் கைதட்டப் போவது மற்றவள்தான். அதை மட்டும் நான் கண்ணால் பார்த்தேன்.